மாமியார் தலைக்கு மேல் ஓர் ஓட்டை

கலேமா,

கல் உடைத்த தோள் விண்ணென்று வலிக்கிறது. அதோடு ராத்திரி பூரா கட்டிலில் சொட்டின மழைக்குச் சட்டி மாற்றிக்கொண்டிருந்தேன். கூரையும் சுவரும் சேருமிடத்துத் தகரப் பட்டையைத் துளைத்து டிஷ் மாட்டினாய். "சிமெண்ட் பூசிட்டேன்டி, மழையே பயந்து ஓடும்" என்றாய். வெயிலில் தகரம் நெளிந்து சிமெண்ட்தான் வெடித்து ஓடியது. டிவியில் பந்தாட்டம் மட்டும் படு தெளிவு.

மத்தியானம் மசாகா பஸ்ஸில் என் அம்மா வருகிறாள். அந்தக் கட்டில்தான் அவளுக்கு. வந்தபின், நம் வழக்கப்படி, மருமகன் மாமியார் கண்ணிலேயே படக்கூடாது. தலைக்கு மேல் ஏறி நிற்பாயா? அவள் வருவதற்குள் சிமெண்டைச் சுரண்டிவிட்டுத் தார் பூசு.

வாழைக்காய் இலைக்குள் வெந்து அடுப்பில் இருக்கிறது. இறங்கினபிறகு தின்னு.

நசாலி

ஏணிக்குப் பக்கத்து வீட்டு முத்தெபியிடம்தான் போகவேண்டும். பல்லைக் காட்டிக் கேள். போன தடவை நீ முறித்த ஏணிப்படி அவருக்கு இன்னும் பாக்கி.