முனை ஒடிந்த வெண்டைக்காய்கள்

அன்புள்ள பெரியவளுக்கு,

பிடிக்காதவர்களோடு எதற்கு வாராவாரம் சந்தைக்குப் போகிறாய் என்று கேட்டிருந்தாய். யோசித்துப் பார்த்தேன், பதில் தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன். மற்றபடி அப்பாவுக்கு முழங்கால் வலியும் எனக்கு எரிச்சலும் தவிர இந்த வீட்டில் குறை ஒன்றும் இல்லை. நீ நன்றாக இருப்பதாக எழுதியதில் பாதியை நம்புகிறேன், மீதிப் பாதிக்கு உன் முகத்தை நேரில் பார்க்க வேண்டும். சின்னவன் தேர்வு முடிந்ததிலிருந்து தாடி வளர்க்கிறான், எதற்குடா என்றால் "சும்மாம்மா" என்கிறான். குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. அப்பா அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்ததுபோல் பேப்பர் படிக்கிறார்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். உங்கள் ஊர்ச் சந்தையில் ஆபீஸ் சிநேகிதிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, மண் ஒட்டிய கேரட் கட்டைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துச் சிரிக்கிறாய். சிரி, வேண்டாம் என்று சொல்லவில்லை. கன்னத்தைக் கழுவிவிட்டுச் சிரி. இந்த ஊரில் அந்த மண் எங்கிருந்து வருகிறது என்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். மேம்பாலத்துக்கு அடியில் கூடும் சந்தையில், கைகழுவ இடம் தேடிக் கடைகளுக்குப் பின்பக்கம் போனபோது, ஒருவன் வேனுக்கு அந்தப்புறம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பளபளவென்று கழுவிய கேரட்டுகளை மூட்டையிலிருந்து எடுத்து ஒரு சேற்று வாளிக்குள் முக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கொஞ்சங்கூடக் கூசாமல், "மண்ணு இல்லேன்னா வாங்க மாட்டேங்கறாங்கம்மா" என்றான். நான் முன்பக்கம் திரும்பி வந்தபோது நம் பல் டாக்டர் அதே கேரட்டை மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, "ஆஹா, மண் வாசனை" என்று மெய்மறந்து நின்றாள். அந்த வாளிக்குள் ஒரு சிகரெட் துண்டும் மிதந்தது. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அன்றைக்கு அவள் காரில்தான் வீடு திரும்ப வேண்டியிருந்தது.

பல் டாக்டரை உனக்கு நினைவிருக்கும், உன் பால்பல்லைப் பிடுங்கிவிட்டு உன்னையே திட்டியவள். எங்களோடு வரும் இன்னொருத்தி கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. தட்டில் சோறு விழுந்தாலும் படம் எடுக்காமல் தொடமாட்டாள் என்பதால் அப்பா அவளுக்குக் கேமரா என்று பெயர் வைத்திருக்கிறார், இப்போது எங்களுக்கும் அதுதான் வாயில் வருகிறது. ஊரில் உள்ள உழவர் சந்தைகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பது என்பது அவளுடைய யோசனை. முதல் வாரம் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் நாள் முழுவதும் ஊர்த் தண்ணீரைக் குப்பி குப்பியாக முகர்ந்து பார்க்கிறவளுக்குக் கொத்தமல்லிக் கட்டின் மணம் பெரிய விடுதலை. இரண்டாவது வாரத்திலிருந்து வாந்தி வராத குறைதான். திராட்சைக் கடையில் பல் டாக்டர் "இனிக்குதான்னு பார்க்குறேன்" என்று ஒரு கொத்து முழுக்கத் தின்று, விதைகளை உள்ளங்கையில் துப்பி, கையைக் கடைக்காரரின் சாக்கிலேயே துடைத்துவிட்டு, "புளிக்குது" என்று நகர்ந்தாள். முலாம்பழத் துண்டு குத்தி எடுக்கும் குச்சி ஒன்றேதான், பத்துப் பேர் வாய்க்கும் அந்தத் தட்டுக்கும் இடையே அது போய்வருகிறது. தேன் விற்கிறவரின் ஒவ்வொரு குப்பியிலும் சரியாக ஒரே ஒரு செத்த தேனீ மிதக்கிறது, கலப்படமில்லை என்பதற்கு அதுதான் சாட்சியாம். கேமரா அந்தத் தேனீயை நெருக்கத்தில் படம் பிடித்து, "எவ்வளவு இயற்கை" என்றாள். பிணத்தை ஊறப்போட்டு விற்பதில் என்ன இயற்கை என்று கேட்டேன். "நீ எப்பவுமே இப்படித்தான், எதை எடுத்தாலும் மூக்கைச் சுளிப்ப" என்றாள். உண்மைதான், மூக்கு எனக்குச் சோறு போடுகிறது.

இதெல்லாம் அருவருப்பு, அவ்வளவுதான். ஆனால் வெண்டைக்காய் விஷயம் வேறு. விளையாட்டரங்கின் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில் சனி, ஞாயிறு காலைகளில் ஒரு சந்தை கூடுகிறது. முன்வரிசையில் ஒரு பெண் வெண்டைக்காய் மட்டும் கொண்டுவருகிறாள். முப்பது வயது இருக்கும், சூரியன் வருமுன் அவளும் புருஷனும் பறித்து, ஒரு பழைய வேனில் ஏற்றி, வெகுதூரம் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். காய் அப்படி ஒரு காய், விரல் நீளம், பூனைமயிர்போல மெல்லிய சுணை. சேற்றில் முக்கவில்லை, தேனீயும் மிதக்கவில்லை. அங்கே போய் நம் பல் டாக்டர் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு காயை எடுத்தாள், முனையை ஒடித்தாள், படக்கென்று ஒடிந்தது, பிஞ்சு என்று தெரிந்துவிட்டது. அதைப் பையில் போட்டுக்கொண்டு வரவேண்டியதுதானே? அதை ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்ததை ஒடித்தாள். ஒவ்வொரு காயையும் ஒடித்துத்தான் எடுப்பாளாம், எடுப்பதிலும் தன் கண்ணுக்குப் பிடித்ததைத்தான் எடுப்பாளாம். கால் கிலோ வாங்குவதற்கு ஒரு குவியலை மொட்டையடித்தாள். நாம் எல்லோரும் கடையில் ஒன்றிரண்டு ஒடித்துப் பார்க்கிறவர்கள்தான், நான் இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு குப்பித் தண்ணீரைச் சோதித்தால் அந்தக் குப்பி வீணாகும், ஏரி ஏரியாகவே இருக்கும். இவள் ஏரியையே குப்பியில் அடைத்து ஊற்றிவிட்டு, "நல்ல தண்ணிதான்" என்று சொல்லுகிற ஜாதி.

அதோடு நின்றிருந்தால் ஒரு நாள் கூத்தாகப் போயிருக்கும். கேமரா அதைப் படம் எடுத்து, வெண்டைக்காய் வாங்கும் வித்தை என்று தலைப்பிட்டுப் போட்டுவிட்டாள். நீ அங்கே உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்ன படம் அதுதான், மோதிரம் போட்ட கை டாக்டருடையது. ஊரே பார்த்திருக்கிறது. அடுத்த வாரம் நாங்கள் போனபோது அந்தப் பெண்ணின் கடைமுன் திருவிழாக் கூட்டம். ஒவ்வொருவர் கையிலும் போன், அதில் அந்தப் படம். "இந்தக் கடைதான், இந்தக் கடைதான்" என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு படக் படக் படக் என்று ஒடிக்கிறார்கள். அந்தச் சத்தம் இரவில் படுத்தாலும் காதில் விழுகிறது. வாங்கினவர்கள் கொஞ்சம், ஒடித்தவர்கள் அத்தனை பேரும். வெயில் ஏறினதும் ஒடிந்த முனைகள் கறுத்து, பிசின் வழிந்து, ஈ மொய்க்க ஆரம்பித்தது. பிறகு வந்தவர்கள் "அய்ய, என்ன இது அழுகின காயி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். கேமரா என் தோளைத் தட்டி, "பார்த்தியா, நம்மால அவளுக்கு எவ்வளவு விளம்பரம்" என்றாள். படத்தை நீக்கிவிடு என்றேன். "ஏன், பொறாமையா?" என்று சிரித்தாள். டாக்டரோ, "முத்தின காயை என் தலையில கட்டுவா, நான் பேசாம வாங்கிக்கணுமா?" என்றாள்.

இன்று சனிக்கிழமை, காலையில் நடந்ததைக் கேள். சந்தை மேற்பார்வையாளர் என்று ஒருவர் இருக்கிறார், கழுத்தில் விசில், கையில் ஒலிபெருக்கி, பக்கத்தில் நிற்கிறவரிடமும் அதில்தான் பேசுவார். முன்வரிசையில் பழுதான சரக்கு கிடக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். மொட்டைக் குவியலைக் காட்டி, நாளைக்கும் இப்படியே இருந்தால் இந்த இடம் வேறு ஆளுக்கு, நீ கழிப்பறைச் சுவரோரம் போய்விடு என்று ஊருக்கே கேட்கும்படி அறிவித்தார். பக்கத்துக் கடைத் தேன்காரர் அப்போதே தன் மேஜையை அரை அடி இந்தப் பக்கம் நகர்த்தினார், அதையும் பார்த்தேன். அந்தச் சுவரோரத்துக்கு யார் போவார்கள்? மூக்கைப் பிடித்துக்கொண்டு அவசரத்துக்குப் போகிறவர்கள்தான். அந்தப் பெண் அவரிடம் கெஞ்சவில்லை. "அங்க போறதுக்கு நான் தோட்டத்துலயே கொட்டி மாட்டுக்குப் போட்டுடுவேன், வேனுக்கு டீசலாவது மிஞ்சும்" என்றாள். சொல்லும்போது அவள் கை தன்பாட்டுக்குக் காய்களை ஒடிந்தது, ஒடியாதது என்று பிரித்துக்கொண்டிருந்தது. ஒடியாதது மிகவும் கொஞ்சம். நாங்கள் மூன்று பேரும் ஐந்தடி தூரத்தில்தான் நின்றிருந்தோம். கேமரா என் காதில், "நாளைக்கும் வரணும், இது படத்துல நல்லா வரும்" என்றாள். டாக்டர் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நாளைக்குப் போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. போனால் அவர்களோடு போக வேண்டும். போகாவிட்டால் அங்கே நடப்பதைப் பார்க்கிறவர் யாரும் இல்லை. பொது இடத்தில் வாய் திறப்பது எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும், உன் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் நன்றி சொல்லச் சொன்னபோதே அப்பாவை மேடைக்குத் தள்ளிவிட்டவள் நான். அப்பாவிடம் சொன்னேன். "உனக்கு எதுக்கு வம்பு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வெண்டைக்காய் வாங்கிட்டு வந்தியா?" என்றார்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். பழத்தைக் கழுவிச் சாப்பிடு, இலவசமாக நீட்டும் எதையும் வாயில் போடாதே, சந்தைக்குப் போனால் எடுத்ததை வாங்கு, வாங்காததைத் தொடாதே. குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே என்று அப்பா எழுதச் சொன்னார். மூக்குக்கண்ணாடியை மாற்றச் சொல்லி எத்தனை தரம் சொல்வது? பவர் கூடியிருக்கும், போய்ப் பார். நல்ல தூக்கமும் நல்ல சிநேகிதர்களும் உனக்கு எப்போதும் வாய்க்கட்டும். இரண்டாவது எனக்கு வாய்த்ததா என்பது முதல் வரியில் நீ கேட்டதோடு சேர்த்தி.

அன்போடு, உன்னைப்போலவே பிடிவாதக்காரியான
அம்மா

ஞாயிறு மாலை. கடிதம் இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறது, நடந்ததையும் சேர்த்து அனுப்புகிறேன். போனேன். கூட்டம் நேற்றைவிட அதிகம். அந்தப் பெண் காய்களைச் சின்னச் சின்னக் கூறாகக் கட்டி வைத்திருந்தாள், கட்டை அவிழ்த்து ஒடித்தார்கள். மேற்பார்வையாளர் விசிலோடு வந்து நின்ற நேரம் பார்த்து, நம் டாக்டர் பழக்கதோஷத்தில் கையை நீட்டி ஒன்றைப் படக்கென்று ஒடித்தாள். அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். "ஏங்க டாக்டரம்மா, உங்ககிட்ட வர்றவங்களுக்குப் பல்லு கெட்டியா இருக்கான்னு ஒண்ணொண்ணா புடுங்கித்தான் பார்ப்பீங்களா?" என்றாள். டாக்டர் என்று எப்படித் தெரியும் என்று நினைக்காதே, கேமரா ஒவ்வொரு வாரமும் அங்கே நின்று அப்படித்தான் கூவுகிறாள். கூட்டம் முழுக்கச் சிரித்தது. பின்னாலிருந்து யாரோ, "துணிக்கடையில ஓரத்தைக் கிழிச்சுப் பார்த்து வாங்குற ஆளுங்கப்பா" என்றார்கள், மறுபடியும் சிரிப்பு. டாக்டர் முகம் சிவந்து, ஒடித்த காயைக் குவியலிலேயே எறிந்துவிட்டுக் காரைப் பார்த்து நடந்தாள். மேற்பார்வையாளருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒலிபெருக்கியைத் தூக்கி, "பழுதான சரக்கு, இடத்தைக் காலி பண்ணு" என்றார்.

அது பழுதாக வந்த சரக்கு இல்லை என்று ஒரு குரல் கேட்டது, அது என்னுடையது. அவள் கொண்டுவரும்போது நன்றாகத்தான் இருந்தது, இங்கே வைத்துத்தான் ஒடித்தார்கள், ஆரம்பித்து வைத்தது இப்போது காருக்குப் போகிறவள், நான் பார்த்தேன் என்றேன். பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒலிபெருக்கியிலேயே, "நீங்க யாரு?" என்று கேட்டார். "ஒடிச்சவங்க கூட வந்தவ" என்றேன். அதற்கு அவரிடம் சட்டம் இல்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் என்னையும் குவியலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். குவியல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றார். ஒடிந்ததை எல்லாம் எனக்குக் கட்டிக் கொடு என்று அவளிடம் சொன்னேன். அவள் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. "நேத்தே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். நியாயம்தான். முன்வரிசை இடம் இன்றைக்கு அவளிடமே இருந்தது, அடுத்த வாரத்தை அடுத்த வாரம் பார்ப்பதாக மேற்பார்வையாளர் சொல்லிவிட்டுப் போனார். தேன்காரர் மேஜையை இருந்த இடத்துக்கே இழுத்துக்கொண்டார். வெளியே வந்தால் டாக்டரின் காரைக் காணோம்.

மடியில் இரண்டு பை வெண்டைக்காயோடு பஸ்ஸில் வந்தேன். அப்பா பையைத் திறந்து பார்த்து, "என்ன இது, ஒண்ணுக்கும் தலையைக் காணோம்" என்றார். உட்கார்ந்து நானும் சின்னவனும் நறுக்கினோம், பாதி கறுத்துவிட்டது, பாதி தேறியது. சாயந்தரம் கேமரா போன் செய்தாள். டாக்டர் இனிமேல் வரமாட்டாளாம், என்னோடு பேசவும் மாட்டாளாம். கேமரா பழைய படத்தை நீக்கிவிட்டாளாம், அந்தப் பெண் டாக்டரிடம் பல்லைப் பிடுங்கித்தான் பார்ப்பீங்களா என்று கேட்ட படத்தைப் போட்டிருக்கிறாளாம், அதைத்தான் இப்போது ஊர் பார்க்கிறதாம். அடுத்த சனிக்கிழமை ஏரிக்கரைப் பக்கம் புதிதாக ஒரு சந்தை, "நீ வர்றியா, இல்ல நீயும் கோவமா?" என்றாள். எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டேன். சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவியும் வெண்டைக்காய்ப் பிசுபிசுப்பு இன்னும் விரலில் இருக்கிறது.