ஏழாவது ஓடு

மார்ச் 3

என் உம்மணாமூஞ்சிக்கு,

உன் தடிப்புத்தகம் வந்து சேர்ந்தது. மனசார வாழ்த்துகிறேன் என்று எழுதினால் பொய். வயிறு எரிகிறது. நீ அருங்காட்சியகத்துக்குத் தலைவி, பேப்பரில் போட்டோ. நான் இன்னும் எட்டாம் வகுப்புக்கு வரலாறு சொல்லித் தொண்டையைக் கிழித்துக்கொள்கிறேன். கல்லூரியில் நம் இரண்டு பேரையும் ஒரே அகழாய்வுக் குழியில்தானேடி இறக்கிவிட்டார்கள்?

ஒரு வரி விடாமல் படித்தேன். நாம் எடுத்த அந்தச் சின்ன மண் கிண்ணம்தான் உன் முதல் அத்தியாயமே. அது பூசைப் பாத்திரமாம். மனிதன் பயந்துபோய் வானத்தைக் கும்பிட்ட நாளில் நாகரிகம் பிறந்ததாம். குழியில் உட்கார்ந்து அதை வரையும்போதே நான் சொன்னேனே, இதற்கு ஒரு மூக்கு இருந்திருக்கும், குழந்தைக்குப் பால் புகட்டின கிண்ணம் என்று? பேராசிரியர் முதற்கொண்டு எல்லாரும் சிரித்தீர்கள். "கல்யாணத்துக்கு முன்னாடியே பிள்ளை ஞாபகமாடி?" என்று கேட்டதே நீதான்.

பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். கிண்ணத்தின் உடைந்த ஓடுகளைக் கிடந்தது கிடந்தபடி வரைந்திருக்கிறேன். என் படத்தில் ஏழு. உன் புத்தகத்தில் ஆறு. மூலையில் பாதி மண்ணுக்குள் இருந்த அந்தக் குட்டி ஓடு எங்கே போச்சு?

உன் வாயாடி

மார்ச் 12

அன்புள்ள வாயாடிக்கு,

எனக்கு வந்த பாராட்டுகளிலேயே உன் வயிற்றெரிச்சல்தான் நிஜம். நன்றி.

குழியில் கூழாங்கல்லும் கிடந்தது. அவசரத்தில் அதையும் சேர்த்து வரைந்திருப்பாய். ஏப்ரல் இருபதாம் தேதி கிண்ணத்துக்கென்று தனிக் கூடம் திறக்கிறோம். முதல் வரிசையில் உனக்கு நாற்காலி. வந்து முறைத்துவிட்டுப் போ.

உம்மணாமூஞ்சி

ஏப்ரல் 2

வாயாடி,

நீ பதில் போடவில்லை. நீ பேசாமல் இருந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அது கூழாங்கல் இல்லை. இந்தப் பொட்டலத்தில் பஞ்சுக்குள் இருக்கிறது, பார். அன்றைக்கு நீ வரைந்து முடித்துக் கை கழுவப் போனாய். நான் ஓடுகளை எடுத்தேன். அந்தக் குட்டி ஓடுதான் மூக்கு; கையில் வந்ததுமே தெரிந்துபோயிற்று, நீ சொன்னதுதான் சரி. நுனியைத் தடவிப் பார். பிள்ளைகள் வாய் வைத்து வைத்துத் தேய்ந்திருக்கிறது.

நான் ராப்பகலாகப் படித்துக் கண்டுபிடிப்பதை நீ பென்சிலைக் கடித்துக்கொண்டே சும்மா சொல்லிவிடுவாய். எனக்குப் பொறுக்கவில்லை. டிபன் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். மறுநாள் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. மனித அறிவைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதும்போதும் இது என் மேஜை டிராயரில்தான் கிடந்தது.

பேப்பர்காரர்களிடம் கொடுத்தாலும் சரி. உன் இஷ்டம்.

உம்மணாமூஞ்சி

ஏப்ரல் 11

அடிப் பாவி,

திட்டித் திட்டி மூன்று கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

நிஜத்தைச் சொல்லவா? உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் வந்தது சந்தோஷம். உனக்கா, என்மேல் பொறாமை! வெட்கமே இல்லாமல் கண்ணாடி முன்னால் போய் நின்று என்னைப் பார்த்துக்கொண்டேன். அப்புறம்தான் அழுகை வந்தது. எல்லாரும் சிரித்தார்களே, நமக்கு இந்த வேலை வராது என்றுதானே ஒரு விண்ணப்பம்கூடப் போடாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன்? அதை எந்தப் பசை வைத்து ஒட்டுவாய்?

கிண்ணத்து மூக்கைக் கழுவி உதட்டில் வைத்துப் பார்த்தேன். பாங்காக உட்காருகிறது. எத்தனை ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எவளோ ஒருத்தி, பிள்ளை அழுவது பொறுக்காமல் ஈர மண்ணை இப்படி இழுத்து வளைத்திருக்கிறாள். நாகரிகம் அவள் கையில்தானடி ஆரம்பித்தது. இதையே நீ எழுதியிருந்தால் என்னைவிட அழகாக எழுதியிருப்பாய். அதற்கும் எரிகிறது.

பேப்பர்காரர்களிடம் நான் போக மாட்டேன். ஓட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கிண்ணத்தோடு சேர்த்து ஒட்டு. இருபதாம் தேதி எல்லார் முன்னாலும் நீயே சொல்.

முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். மடியில் என் பழைய நோட்டும் இருக்கும்.

வாயாடி