கழுத்துக்குக் கீழே நீ

அண்ணா,

போன வெள்ளிக்கிழமை ரசிகர் மன்றத்து ஆட்கள், நான் வரைந்து கொடுத்த அந்தப் பலகையைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து நம் வாசலில் இறக்கினார்கள். மழையில் ஓரங்கள் உப்பிப்போயிருந்தன. ஈரத்துணியால் துடைத்தபோது மாட்டுக் கொம்புக்குப் பூசும் பெயின்ட்டின் வாடை லேசாக வந்ததுபோல் இருந்தது. உடனே நீ எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டாய்.

உங்கள் நடிகருக்குப் புதுப் படம் வருகிறதாம். பழையதை வெள்ளையடித்து அழித்துவிட்டு அதே பலகையில் புதிதாக வரைந்து தர வேண்டும் என்றார்கள். நான் வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பட்டம் வாங்கிய பிறகும் ஆட்களுக்கு எதிரில் எனக்கு வாய் திறப்பதில்லை. அது உனக்குத் தெரிந்ததுதான்.

அந்தப் பலகையை நான் வரைந்தது, இடஒதுக்கீடு கேட்டு ஊரூராக மறியல் நடந்த வருஷம். சின்னசேலம் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். எங்கள் கல்லூரியை மூடிவிட்டதால் நான் வீட்டில் இருந்தேன். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்கு டிராக்டர்கள் போக முடியாததால் கரும்பு வெட்டும் நின்று, நீயும் வீட்டில் இருந்தாய். விடிவதற்கு முன் கத்தியோடு போய் இருட்டிய பிறகு வருகிற உன்னைப் பகல் வெளிச்சத்தில் தொடர்ந்து பார்த்தது அந்தச் சில நாட்களில்தான்.

பஸ் ஓடத் தொடங்கியதும் கள்ளக்குறிச்சியில் படம் வெளியாகும் என்றும், உங்கள் மன்றத்துப் பலகை கொட்டகை வாசலில் நிற்க வேண்டும் என்றும் நீ பறந்துகொண்டிருந்தாய். வரைகிறவரிடம் போக வழியில்லை. என்னைக் கேட்காமலே, என் தங்கச்சி வரைந்துவிடும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தாய். அதுவரை நான் நோட்டுக்குள் ஒளித்துத்தான் வரைந்துகொண்டிருந்தேன்.

நீ கொடுத்தது ஒரு பாட்டுப் புத்தகத்தின் அட்டை. அதில் நடிகரின் முகம் தீப்பெட்டி அளவு இருந்தது. அதன் மேல் பென்சிலால் சின்னக் கட்டங்கள் போட்டேன். பலகையில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருப்பதை மட்டும் பார்த்து வரைந்துகொண்டே போனால் முகம் தானாக வந்துவிடும். வந்தது. ஆனால் அட்டையில் படம் கழுத்தோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே எழுத்துதான்.

"இன்னா பாப்பா, தலைய மட்டும் வச்சா வெட்டுப்பட்ட மாதிரி இருக்குமே" என்றாய். பிறகு நீயே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நடிகரைப்போலக் கைகளைக் கட்டி, மலையைப் பார்த்து உட்கார்ந்தாய்.

கடைகள் எல்லாம் அடைத்திருந்தன. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூசி மிச்சமிருந்த நீலம்தான் சட்டைக்குக் கிடைத்தது. கல்வராயன் மலைக்குப் பின்னால் வெயில் இறங்கும்வரை நீ ஆடாமல் இருந்தாய். வாய் மட்டும் ஓயவில்லை. டிராக்டர்காரரைப்போலப் பேசினாய், மேஸ்திரியைப்போலத் திட்டினாய். சிரிப்பில் எனக்குத் தூரிகை வழுக்கியது.

முடிந்ததும் வந்து பார்த்தாய். உன் முன்கையில் கரும்புத் தோகை அறுத்த கோடுகளையும் நான் பார்த்தபடியே வரைந்திருந்தேன்.

"அவரு இன்னா நம்மளாட்டம் கரும்பா வெட்றாரு?"

அழித்துவிடுகிறேன் என்று துணியை எடுத்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"வுடு வுடு. சண்டக் காட்சில பட்டதுன்னு சொல்லிக்கலாம்."

அடுத்த வருஷமே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. காரியத்தன்று மாலை போட வீட்டில் ஒரு போட்டோ இல்லை. மன்றத்தார் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரே படத்தில் நீ யாரையோ கூப்பிடத் திரும்பியிருக்கிறாய். உன் காதும் பிடரியும் மட்டும் தெரிகின்றன.

அதனால்தான் வெள்ளிக்கிழமை அம்மா பலகையை விட்டு நகரவில்லை. வெள்ளையடிக்க நான் டப்பாவைத் திறந்ததும் சொன்னாள்: "அந்த மூஞ்சிய மட்டும் அழிச்சிட்டு எம்புள்ள மூஞ்சிய வச்சிடு பாப்பா. ஒடம்பு அவன்துதான?"

கொம்பு நீலம் பூசிய சட்டைக்குள் இருப்பது நீ என்று அம்மாவுக்கு நான் சொன்னதே இல்லை.

தோல் நிறத்தைக் கலக்கினேன். தூரிகையோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சிரிக்கும்போது தெரியும் உன் பல்வரிசை வந்தது, புருவத்தில் ஒட்டிய தோகைத்தூசி வந்தது. இரண்டும் ஒரு முகத்தில் வந்து நிற்கவில்லை. படம் பார்த்து வரையத்தான் எனக்குத் தெரியும், அண்ணா. அத்தனை நேரம் நீ எதிரில் உட்கார்ந்திருந்தும், வேண்டியது தோளும் கையும்தான் என்று கழுத்துக்கு மேலே நான் பார்க்கவே இல்லை. அங்கிருந்து உன் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. உன் பேச்சை இன்று ஒரு சொல் விடாமல் சொல்வேன். முகத்தை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

அம்மா எழுந்து வந்தாள். நான் அழுவதைப் பார்த்தாள். தன் உள்ளங்கையை விரித்து நடிகரின் முகத்தின் மேல் வைத்து மறைத்தாள். மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். இன்னொரு கையின் விரல் அந்தக் கீறல்கள் மேல் ஒவ்வொன்றாகப் போய் வந்தது.

"வுட்டுடு பாப்பா" என்றாள். "எனக்குத் தெரியுது."

சாயங்காலம் மன்றத்து ஆட்கள் வந்தபோது நான்தான் வாசலுக்குப் போனேன். "வேற பலக கொண்டாங்க, வரைஞ்சு தரேன். இது எங்க வூட்டுது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் புதுப் பலகை வந்துவிட்டது.

நேற்று அதை முடித்தேன். இந்த முறையும் அட்டையில் படம் கழுத்தோடு நின்றுவிட்டது. உடம்புக்கு யாரையும் எதிரில் உட்கார வைக்கவில்லை, கட்டமும் போடவில்லை. தோள் தானாக வந்தது, கைகள் தாமே கட்டிக்கொண்டன, கடைசியில் முன்கைக் கீறல்களும் வந்து சேர்ந்தன.

யாராவது கேட்டால், சண்டைக் காட்சியில் பட்டது என்று சொல்லிக்கொள்வேன்.