ஒரு கணம் பிந்திய ‘ஓம்’

பெப்ரவரி 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ட்ராம் பன்னிரண்டு நிமிடம் தாமதம். கையுறை ஒன்று தொலைந்தது.

செய்ய வேண்டியவை: இரத்த மாதிரிக் குழாய்களைக் கீழ்த்தள ஆய்வுகூடத்துக்குக் கொடுக்க. நைலோன் இழைகள் புதுப்பெட்டி. மகனின் பல் டாக்டர் டெர்மின் நேரத்தை மாற்ற. சலவை இயந்திரம் மறுபடி ஒழுகுகிறது, வீட்டு உரிமையாளருக்கு எழுத.

இன்று மூன்று பேருக்கு அளவெடுப்பு. மூன்றாவது யோ. அக்கா. முழுப்பெயரை இந்தக் கொப்பியில்கூட எழுதக் கூடாது, அதனால் அக்காவை இப்படியே வைத்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு மார்புப் புற்றுநோய். அது போய்விட்டது. ஆனால் மருந்து ஏற்றியதில் விரல்களும் பாதங்களும் மரத்துப்போய்விட்டன. எங்கள் ஆய்வு அப்படியானவர்களுக்குத்தான். கொரியாவிலிருந்து இரண்டு வருடத்துக்கு வந்திருக்கும் டொக்டர் சோ, அங்கே ஆறு வருடம் படித்த கொரிய மருத்துவத்தின்படி விரல் நுனிகளிலும் கால்விரல் இடுக்குகளிலும் ஊசி வைப்பார். பாதிப் பேருக்கு உண்மை ஊசி. மற்றப் பாதிக்கு முனை மழுங்கிய ஊசி. தோலில் தொட்டதும் பிடிக்குள்ளே போய்விடும், குத்தாது. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. எனக்கும் தெரியக் கூடாது, ஏனென்றால் குணம் இருக்கிறதா என்று அளப்பது நான். கண்ணை மூடச் சொல்லி, நைலோன் இழையால் விரல்களிலும் ஒவ்வொரு பாதத்திலும் பத்துப் பத்து இடம் தொடுவேன். தெரிந்தால் ஆமாம் என்று சொல்ல வேண்டும், அக்கா “ஓம்” என்பார். நான் எழுதுவேன். அவ்வளவுதான் என் வேலை.

அளந்து முடிந்து காலுறை போடும்போது அக்கா குரலைத் தாழ்த்தினார்.

“பிள்ளை, எனக்கு அந்த ஊசி குத்துப்படுறேல்லை. தொட்டுப்போட்டு எடுக்கிற மாதிரித்தான் கிடக்கு.”

இதை எனக்குச் சொல்லக் கூடாது அக்கா என்றேன். சொல்லி முடித்த பிறகு.

பெப்ரவரி 5, வியாழன்

வெயில், குளிர். சலவை இயந்திரத்துக்கு ஆள் வரவில்லை.

அக்கா சொன்னதை ஆய்வுத் தலைவிக்கு அறிவித்திருக்க வேண்டும். விதி ஒரு வரியில் இருக்கிறது: அளப்பவருக்கு ஊசியைப் பற்றி ஏதாவது தெரியவந்தால் அன்றே எழுதிக் கொடுக்க வேண்டும், அந்த நோயாளியை வேறு ஒருவர் அளப்பார். இரண்டு நாள் போய்விட்டது.

ஏன் சொல்லவில்லை? நியாயங்கள்:

அக்கா இந்த ஆய்வுக்குச் சேர்ந்ததே இங்கே தமிழில் கதைக்க நான் இருக்கிறேன் என்றுதான்.
கூட வேலை செய்யும் பிரிகிட்டே அளந்தால் ஜெர்மன் மொழியில் கேட்பாள். அக்கா பதறுவார்.
அக்கா சும்மா ஒரு எண்ணத்தில் சொல்லியிருக்கலாம்.

மூன்றும் உண்மை. ஒன்றும் காரணம் இல்லை.

அக்கா பதினொரு வருடம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கும் வான் ஓடியவர். சக்கர நாற்காலியைத் தனியே ஏற்றிக் கட்டுவாராம். பாதம் மரத்ததிலிருந்து வீட்டில். எட்டுச் சுற்று ஊசிக்கு நம்பி வருகிறார், குத்தாத ஊசிக்கு. இதைத்தான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பெப்ரவரி 10, செவ்வாய்

மழை. மகனுக்குப் பல்லில் ஓட்டை இல்லை. நல்லது.

அக்காவுக்கு இடைக்கால அளவெடுப்பு. விரல்கள் உண்மையாகவே முன்னேற்றம். சட்டைப் பொத்தானைப் பார்க்காமலே போட்டுக் காட்டினார், சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு பாதம். இடது பரவாயில்லை. வலது, பெருவிரலுக்குக் கீழே இழையை அழுத்தினேன். இழை வளைந்தது. எடுத்தேன். எடுத்த பிறகு “ஓம்” வந்தது.

ஒரு கணம் பிந்தி. தெரிந்து சொன்னதா, என் சட்டைக் கை உரசிய சத்தத்துக்குச் சொன்னதா?

தெரிந்தது என்று எழுதினேன். குதிக்காலுக்கும் அப்படியே. ஓரத்துக்கும் அப்படியே. மூன்று இடம். கை தானாக எழுதியது என்று இங்கே எழுதப் பார்த்தேன், அது பொய். பாவம், குத்தாத ஊசி, கொஞ்சமாவது கிடைக்கட்டும் என்று நினைத்துத்தான் எழுதினேன்.

போகும்போது குடும்ப வைத்தியருக்குக் காட்ட ஒரு பிரதி கேட்டார். தன் அளவுகளைக் கேட்டு வாங்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. அச்செடுத்து உறையில் வைத்துக் கொடுத்தேன்.

பெப்ரவரி 12, வியாழன்

சாம்பல் வானம். ட்ராமில் இரண்டு பெடியள், ஒருவன் மற்றவனிடம்: “அம்மாவுக்கு ஜெர்மன் விளங்கும், விளங்காத மாதிரி இருப்பா.” நாள் முழுக்க இது மனசில்.

பதினொரு மணிக்கு யோ. அக்காவின் தொலைபேசி. குரலே வேறு. குடும்ப வைத்தியர் தாளைப் பார்த்தாராம், கால் நல்லாய் வந்திருக்கிறது, இனி வான் ஓடலாம் என்றாராம். வான் நிறுவனத்துக்கும் சொல்லியாகிவிட்டது.

“கார்னிவல் லீவு முடிய, இருபத்திமூண்டாம் திகதியிலயிருந்து நான்தான் ஓடுறன். ஆறு பிள்ளையள். எங்கட ஆக்களில உமக்குத்தான் முதல் சொல்லுறன்.”

நல்லது அக்கா என்றேன். வைத்துவிட்டேன்.

ஆறு பிள்ளைகள். சக்கர நாற்காலியில் கட்டிய பிள்ளைகள்.

மத்தியானம் சாப்பிடவில்லை. அக்கா முன்னொரு நாள் சொன்னது: “பிரேக்கில கால் கிடக்குதோ இல்லையோ எண்டு கால் சொல்லுறேல்லை.” அந்தக் கால்தான். என் மூன்று ‘ஓம்’களை நம்பி அது பிரேக்கை மிதிக்கப் போகிறது.

பெப்ரவரி 13, வெள்ளி

காலை ஏழரைக்கு ஆய்வுத் தலைவியின் அறைக் கதவில் நின்றேன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எல்லாம் சொன்னேன், 3ஆம் திகதியிலிருந்து. ஜெர்மனில் சொல்வது ஒருவிதத்தில் இலகுவாக இருந்தது, அழுகைக்கான சொற்கள் அந்த மொழியில் எனக்கு அவ்வளவு இல்லை.

அவர் கோபப்படவில்லை, அது இன்னும் கஷ்டம். என் முன்னாலேயே குடும்ப வைத்தியருக்கு அழைத்து அந்தத் தாளை நம்ப வேண்டாம் என்றார். பிறகு அளவுத் தாளை எடுத்துத் தந்தார். ஆய்வில் எதையும் அழிக்கக் கூடாது. மூன்று இடத்திலும் ஒரு கோடு, கீழே உள்ள எழுத்துத் தெரியும்படி. பக்கத்தில் திகதி, கையெழுத்து, காரணம். காரணத்துக்கு ஒரு விரற்கடை இடம்தான். “அளந்தவர் நோயாளியின் பக்கம் சாய்ந்தார்” என்று எழுதினேன்.

கிளம்பும்போது அவர் கேட்டார்: குத்துப்படவில்லை என்று அந்த அம்மா சொன்னதும் அது பொய் ஊசி என்று எப்படி முடிவு செய்தாய்?

விளங்கவில்லை எனக்கு.

மரத்துப்போன விரல், என்றார். உண்மை ஊசியே குத்தினாலும் அவருக்கு எப்படித் தெரியும்?

பதினைந்து வருடம் தாதி. இது எனக்குத் தோன்றவில்லை. ஒன்றுமே தெரியாமல் இருந்துகொண்டு இரக்கப்பட்டிருக்கிறேன்.

தேநீர் அறையில் டொ. சோ. அவருக்குச் செய்தி போயிருந்தது. அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. தண்ணீர் கொதிக்கும் வரை நின்றுவிட்டு, தன் மெதுவான ஜெர்மனில், தனக்கு ஊசி வைப்பது கஷ்டமில்லை, இரண்டு ஊசிக்கும் ஒரே முகத்தை வைத்திருப்பதுதான் கஷ்டம் என்றார். நாடி பார்க்கும்போது, பசி எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்கும்போது எல்லோருக்கும் ஒரே அளவு நேரம். மழுங்கிய ஊசி வைக்கும் நாட்களில் வீட்டுக்குப் போகவே வெட்கமாக இருக்குமாம். பிறகு, இந்த ஊசியால் உண்மையில் பயன் உண்டா என்று தன் நாட்டில் நோயாளிகள் தன்னை நேராகக் கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்ல ஒரு விடை வேண்டும், அதற்குத்தான் வந்தேன் என்றார்.

அக்காவுக்கு அழைத்து, செவ்வாய் வரச் சொன்னேன். இன்னொரு தடவை அளக்க வேண்டும், அதுவரை ஓட வேண்டாம் என்று மட்டும். ஏன் என்று கேட்டார். நேரில் சொல்கிறேன் என்றேன்.

பெப்ரவரி 16, திங்கள்

கார்னிவல். அரைநாள் விடுமுறை. தெருவெல்லாம் காகிதத் துண்டுகள். மகன் கடற்கொள்ளைக்காரன் ஆகிவிட்டான், மீசை என் கண்மையால்.

சலவை இயந்திரம் சரி. ரப்பர் வளையம்தானாம்.

நாளைக்கு என்ன சொல்வது என்று நாலு விதமாக யோசித்தேன். எதிலும் நான் நல்லவளாகத் தெரியவில்லை. நல்லவளாகத் தெரியும் ஒரு விதத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று பிறகு விளங்கியது.

பெப்ரவரி 17, செவ்வாய்

பனி தூவி நின்றது.

அக்கா நல்ல சேலைத் துணியில் தைத்த சட்டையோடு வந்தார், உதட்டுச்சாயம். கதிரையில் இருத்தி, தமிழில் சொன்னேன். வலது காலில் மூன்று இடம் நீங்கள் பிந்திச் சொன்னீங்கள், எனக்கு நிச்சயமில்லை, தெரிஞ்சது எண்டு எழுதிப்போட்டன், பிழை என்னுடையது.

அக்கா கைப்பையின் பட்டையைச் சுருட்டினார், விரித்தார்.

“ஏன் பிள்ளை அப்பிடிச் செய்தனீர்?”

“உங்களுக்குக் கவலை வரக் கூடாதெண்டு.”

“எனக்குக் கவலை வரட்டும். அது எனக்குப் பழக்கம். ஆறு பிள்ளையளை ஏத்திக்கொண்டு போயிருப்பன் நான்.”

மன்னியுங்கோ என்றேன்.

பிரிகிட்டே வந்து அறைக்குக் கூட்டிப் போனாள். இருபத்தைந்து நிமிடம். வெளியே வந்தபோது முடிவை அவளே அக்காவுக்குச் சொன்னாள், நான் மொழிபெயர்க்கவில்லை, அக்கா என்னைப் பார்க்கவும் இல்லை. விரல்கள்: நல்ல முன்னேற்றம், நான் எழுதியதைவிட இரண்டு இடம் கூடுதல். கூட்டி எழுதுகிறேனோ என்ற பயத்தில் அங்கே குறைத்தும் எழுதியிருக்கிறேன் போலும். இடது பாதம்: கொஞ்சம் பரவாயில்லை. வலது பாதம்: பத்தில் ஏழு இடம் தெரியவில்லை.

அக்கா நன்றி சொல்லிவிட்டு மின்தூக்கிக்குப் போனார். எனக்கல்ல, பிரிகிட்டேக்கு.

விரல்கள் வந்திருக்கின்றன. குத்திய ஊசியாலா, குத்தாத ஊசியாலா, வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் கையைப் பிடித்து, பசிக்கிறதா, கனவு வருகிறதா என்று கேட்டதாலா, சும்மா காலம் போனதாலா? தெரியாது. ஆய்வு முடிந்து, யாருக்கு எந்த ஊசி என்று எழுதிய உறைகளைத் திறக்கும் வரை ஒருவருக்கும் தெரியாது. முந்தி இந்தத் ‘தெரியாது’ எனக்கு ஒரு காரியாலயச் சொல்.

பெப்ரவரி 19, வியாழன்

அக்காவிடமிருந்து ஒன்றும் இல்லை. அழைக்கலாமா என்று நினைத்து, அழைக்கவில்லை. என் மனம் ஆற வேண்டும் என்பதற்காக அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது.

வெங்காயம், மா, மின்குமிழ்.

பெப்ரவரி 22, ஞாயிறு

தெளிந்த நாள். ஒன்பது மணிக்கு அக்கா அழைத்தார். வணக்கம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை.

“பழகிற திடல் ஒண்டு இருக்கெல்லோ, லைசென்ஸ் எடுக்க முந்திப் பெடியள் ஓடிப் பாக்கிற இடம். அங்க என்னைக் கூட்டிக்கொண்டு போவீரோ? எனக்கு நானே பாக்க வேணும்.”

போனேன். அவருடைய கார், அங்கே போகும் வரை நான் ஓட்டினேன். திடலில் இரண்டே இரண்டு கார்கள். வாசலில் நின்றவரிடம் நிலைமையைச் சொல்லி, மூலையில் ஒரு நேர்ப்பாதை கேட்டு வாங்கினோம். நான் பாதை முடிவில் ஒரு செம்மஞ்சள் கூம்பை நட்டுவிட்டு வந்து பக்கத்தில் ஏறினேன், கைப்பிரேக்கில் கை வைத்தபடி.

முதல் தடவை: கூம்புக்கு நல்ல தூரம் முன்னாலேயே நின்றது. அக்கா என்னைப் பார்த்தார். எனக்கும் ஒரு கணம் சந்தோஷம். ஆனால் அவர் குனிந்து காலைப் பார்த்துத்தான் மிதித்தார். இருவருமே அதைக் கண்டோம்.

இரண்டாவது தடவையும் கால் பக்கம் கண் போனது.

“இந்தமுறை றோட்டைத்தான் பாக்கிறன்,” என்றார்.

மூன்றாவது. முகம் நேரே. கூம்பு வந்தது, வந்தது, காரின் கீழே போய்ச் சத்தம் கேட்டது. நான் கைப்பிரேக்கை இழுத்தேன். இருவரும் முன்னால் குலுங்கினோம்.

அக்கா ஸ்டியரிங்கை விடவில்லை.

“நான் மிதிச்சனான். மிதிச்சுக்கொண்டெல்லோ இருக்கிறன்.”

குனிந்து பார்த்தோம். கால் பிரேக்குக்கு ஒரு சாண் இந்தப் பக்கம், வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. முழுப் பலத்தோடு.

இயந்திரத்தை நிறுத்தினார். இறங்கிப் போய்க் கூம்பை இழுத்தெடுத்து, நிமிர்த்தி, தூசி தட்டி வைத்தார். நான் உதவப் போகவில்லை. திரும்பி வந்து மற்றப் பக்கக் கதவைத் திறந்து, நான் எழும்பும் வரை நின்றார்.

அவருடைய வீட்டு வாசலில், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம் என்றார். குடித்தேன். சீனி அதிகம்.

பெப்ரவரி 24, செவ்வாய்

மழை, பிறகு காற்று. பிரிகிட்டேயின் பிறந்தநாள், கேக் இரண்டு வகை.

யோ. அக்கா ஐந்தாவது ஊசிக்கு வந்தார். நிறுத்திவிடுவார் என்று நினைத்திருந்தேன். வான் நிறுவனத்துக்குத் தானே அழைத்து ஓட ஏலாது என்று சொல்லிவிட்டாராம். ஓட்டுநருக்குப் பக்கத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வருவதற்கு ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்களாம், வியாழன் முதல் அந்த இடம். சம்பளம் குறைவு. பெல்ட் கட்டுவதற்கு விரல் வந்திருக்கிறதே என்று நடைக்கூடத்தில் விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினார். புது ஓட்டுநர் இருபத்துநாலு வயதுப் பெடியன், பிரேக்கைக் கண்டபடி அடிக்கிறானாம், சொல்லிக் கொடுக்க வேண்டுமாம்.

அவருடைய கோப்பு இனி என்னுடையதல்ல. அளவெடுப்பு அறைக் கதவைப் பிரிகிட்டே சாத்தினாள். நான் பக்கத்து அலுமாரியில் கடித உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், கேட்கவென்று நிற்கவில்லை, ஆனாலும் கேட்டது. பிரிகிட்டே இடத்தை மாற்றும்போது கதிரை நகரும் சத்தம். பிறகு, தெரிகிறதா என்று அவள் கேட்டாள். அக்காவின் குரல், ஜெர்மனில், தயங்காமல்:

“இல்லை. தெரியவில்லை. அடுத்தது.”