சுவருக்குள் ஒரு விதை

நெம்மேலி

செல்லக் குட்டிக்கு,

விதை எப்படி மரமாகிறது என்று கேட்டாயே. ஈரம் பட்டால் விதை ஊறி, தோல் வெடிக்கும். முதலில் வேர்தான் வரும். அது இருட்டைத் தேடி உள்ளே போன பிறகுதான் இலை வெளியே எட்டிப் பார்க்கும்.

நம் வீட்டுச் சுவரில் காக்கை எச்சத்தோடு விழுந்த அரச விதை, இப்போது கொத்தாக இலை விட்டிருக்கிறது. "சாமி நம்ம வூட்டைத் தேடி வந்துகீது. எவளாவது புடுங்கினா கைய ஒடிச்சிடுவேன்" என்று அப்பா தினமும் அதற்கு மஞ்சள் குங்குமம் வைக்கிறார்.

அதன் வேர் பிளந்த விரிசல் தூளி கட்டிய உத்தரம் வரை போய்விட்டது. இன்று காலை தூளிக்குள் காரை உதிர்ந்து கிடந்தது. தம்பி அதை வாயில் வைக்கப் பார்த்தான்.

எனக்கு அப்பா எதிரில் பேச்சே வராது. நீ அழுதால் கேட்பார். அங்கே அத்தை வீட்டிலிருந்தே, அத்தை போனில் அப்பாவைக் கூப்பிட்டு, செடியை எடுக்கச் சொல்லி அழு. மழை வருவதற்குள் அழு.

உன் அக்கா