மாமி துலக்கிய கறுப்பு டிஸ்க்

மே 4, வெள்ளி

கத்திரி ஆரம்பம். காலை எட்டு மணிக்கே மாடித் தரை சுட்டது. வடகம் பிழிந்தேன், இரண்டு தட்டு. ஜும்மாவுக்கு முன் வீடு கழுவல். அதில்தான் வினை. டிவியோடு மாட்டிய கேம் பெட்டியிலிருந்த டிஸ்கை எடுத்து, புளி போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துவிட்டார் மாமியார்.

"அடிப்பக்கம் பூரா கரி புடிச்சிக்கினு கீதும்மா. இன்னா தேச்சும் போவல."

போகாது மாமி. ஒரிஜினல் டிஸ்குக்கு அடிப்பக்கமே கறுப்புதான். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கார் பந்தயம் ஆரம்பித்ததுமே படம் உறைந்து நின்றுவிடுகிறது.

மாமாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு மாதம். வலது கை மடியிலேயே கிடக்கும். டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை வீசியெறிந்த மனிதர். கொழுந்தன் துபாயிலிருந்து கொண்டுவந்த இந்த விளையாட்டுக்கு மட்டும்தான் அந்தக் கட்டைவிரல் அசைந்தது. இன்று மறுபடி மடியில். பயமாக இருக்கிறது.

மே 5, சனி

மாமா இடது கையால் சாப்பிட மாட்டார், நான்தான் ஊட்டுவேன். ஒரு இட்லியோடு போதும் என்றார். மாமி பாவம், மூன்று முறை டீ வைத்துவிட்டு வந்தார். மூன்றும் ஆறிப்போயின.

என் வீட்டுக்காரர் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு காஞ்சிபுரம் போய் அதே கேமின் காப்பி டிஸ்க் வாங்கிவந்தார். வெள்ளி நிறம், பளபளப்பு. போட்டால் ஒரிஜினலைப் போடச் சொல்கிறது பெட்டி.

"சரியான பேஜார் புடிச்ச பெட்டி." (அவர். வாங்கும்போது கேட்டிருக்கலாம். சொல்லவில்லை நான்.)

மே 7, திங்கள்

அவர் மறுபடி காஞ்சிபுரம் போய்வந்தார். கடைக்காரர் சொன்னாராம்: டிஸ்கின் நடு வளையத்தில் கம்பெனிக் குறி உண்டு, பெட்டி முதலில் தேடுவது அதைத்தான், காப்பியில் அது வராது. காப்பியையும் ஏற்கவைக்கும் சிப் வைக்கலாம், ஆனால் பெட்டியைப் பிரிக்க வேண்டும், செத்தாலும் சாகும். வேண்டவே வேண்டாம் என்றேன்.

இன்னொரு வழி. மூடியைத் திறந்து வைத்து, உள்ளேயிருக்கும் சின்னப் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்கணும். மூடியிருப்பதாக நம்பிவிடுமாம். ஒரிஜினலைச் சுற்றவிட்டு, குறியைப் படித்ததும் சட்டென்று காப்பியை மாற்றணும். ஏமாளிப் பெட்டி.

கெட்டுப்போன டிஸ்கை வெயிலில் திருப்பிப் பார்த்தேன். ஓட்டையில் விரல் விட்டுப் பிடித்துத்தான் தேய்த்திருக்கிறார் மாமி. நடு வளையத்தில் ஒரு கீறலும் இல்லை, குறி பத்திரம். ஓடிப்போய் மாமியைக் கட்டிக்கொண்டேன். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

மே 8, செவ்வாய்

கரண்ட் பதினொரு மணிக்குத்தான் வந்தது. அவர் கடையில். நானே உட்கார்ந்தேன்.

பொத்தானில் ரப்பர் துண்டு: வழுக்கியது. தீக்குச்சி: எகிறியது. சுற்றும் டிஸ்கை மாற்ற என் இரண்டு கையும் வேண்டும். ஐந்து முறை நின்றுபோனது.

மாமா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தள்ளும்மா. நான் புடிச்சிக்கிறேன்."

மெல்ல இறங்கி, இடது கையைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தார். பொத்தான் அமுங்கியது. கறுப்பு சுற்றியது. எடுத்தேன், வெள்ளியை வைத்தேன். கர்ரென்று ஒரு சத்தம். பிறகு திரையில் கார்கள் வரிசையாக.

நான் போட்ட கூச்சலில் மாமி அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். திரையைப் பார்க்கவில்லை அவர்.

"இன்னாங்க, எந்தக் கையால அமுக்கிக்கினு கீறீங்க?"

மாமா குனிந்து பார்த்தார். பொத்தான் மேல் வலது கட்டைவிரல்.

"பேசாத இரு. வுட்டா நின்னுபூடும்."