மீதி அஞ்சு கப்பு

பம்பாய்
18-7-1971

அன்புள்ள ராஜாம்பாளுக்கு,

நான் சௌக்கியமா இருக்கேன். நீயும் பிள்ளைங்க மூணு பேரும் சௌக்கியம்னு எழுதினாத்தான் எனக்குச் சோறு எறங்கும். சின்னவளுக்கு இருமல் நின்னுடுச்சா?

இங்க ஒரு கூத்து நடந்துது, பயந்துக்காத. நான் வேலை செய்யிற வூட்ல பீங்கான் கப்பு ஒண்ணு கைநழுவி உடைஞ்சிபோச்சு. வேலை போச்சுன்னு நின்னேன். முதலாளியம்மா திட்டவே இல்ல. "ஒண்ணு குறைஞ்சா செட்டு போச்சுப்பா, மீதி அஞ்சையும் குப்பையில போட்டுடு"ன்னாங்க. சாயங்காலமே புது செட்டு வந்துடுச்சு.

விருத்தாசலத்துல பீங்கான் கம்பெனியில நாள் பூரா உக்காந்து கப்புக்குக் கைப்பிடி ஒட்டுறவ நீ. நம்ம வூட்ல, கோணலா இருக்குதுன்னு கம்பெனி கழிச்சிப்போட்ட கப்புலதான் டீ குடிக்கிறோம். இங்க கீறல் இல்லாததே குப்பைக்குப் போவுது. அவங்களை மட்டும் சொல்லல. புது செட்டைப் பாத்ததும் எனக்கும் பழசு மட்டமாத்தான் தெரிஞ்சிது. அதான் பயமா இருக்குது.

மனசு கேக்காம அஞ்சையும் என் ரூமுக்கு எடுத்தாந்துட்டேன்.

ஊர்லேர்ந்து யாராவது வந்தா கொஞ்சம் வடகமும் என் பழைய போர்வையும் குடுத்தனுப்பு. தபால் எடுக்குற நேரமாச்சு.

நாமளும் அஞ்சு பேருதான? தினமும் அஞ்சு கப்பையும் கழுவி வெக்கிறேன். ஒண்ணுலதான் டீ ஊத்துறேன்.

இப்படிக்கு,
கொளஞ்சியப்பன்